சத்துவாச்சாரி மாடியில் குளிர்கால ஐரிஸ்: வாங்கிய கிழங்குகளும் இரண்டு மார்கழிகளும்

வடக்கே ஒரு மலைநகரத்திலிருந்து அஞ்சல்வழியாகப் பூச்செடிக் கிழங்குகள் விற்கும் நாற்றங்கால் ஒன்றிலிருந்து, குளிர்காலத்தில் பூக்கும் ஐரிஸ் வகைகளை 2022ஆம் ஆண்டு வரவழைத்தேன். செப்டம்பர் 12 அன்று பெட்டி வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தது. ஐரிஸ் ரெட்டிகுலேட்டா குமிழங்கள் 20, விலை 1,300 ரூபாய். அல்ஜீரிய ஐரிஸ் எனப்படும் ஐரிஸ் அங்குயிகுலாரிஸின் வேர்த்தண்டுத் துண்டுகள் மூன்று, விலை 1,150 ரூபாய். கூரியர் கட்டணத்தையும் சேர்த்து 2,630 ரூபாய் செலவாயிற்று. பெட்டியைப் பிரித்த அன்றே மதிப்புரை எழுதிவிடுவது பலருக்கும் வழக்கம். ஆனால் கிழங்கு என்பது பூத்துக் காட்டும்வரை தன் தரத்தைச் சொல்லாத பொருள் என்பதால், இரண்டு குளிர்காலங்கள் முடிந்து 2024ஆம் ஆண்டுப் பொங்கலும் கழிந்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். நான் குறையாகக் கருதுவது இந்தத் தொழிலில் பலரிடமும் உள்ள குறை என்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இந்த ஆசை எனக்கு வந்ததற்குக் காரணம் என் தங்கை. வேலூரில் செவிலியர் படிப்பை முடித்து, தென் இங்கிலாந்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் அவள், ஒரு ஜனவரி மாதத்தில் தன் வீட்டுச் சுவரடியில் பூத்திருந்த ஊதாப் பூக்களைப் படம் எடுத்து அனுப்பினாள். இலையெல்லாம் உதிர்ந்து நிற்கும் அந்த ஊரின் குளிரில், புல் போன்ற இலைகளுக்கு நடுவே, தண்டே இல்லாமல் மண்ணிலிருந்து நேராக எழுந்தது போல அவை விரிந்திருந்தன. முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தும் நேரில் பார்க்காத அந்தச் செடியை ஒருமுறையாவது என் கையால் பூக்க வைத்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

பெட்டி கட்டிய விதத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். குமிழங்கள் துளையிட்ட காகிதப் பைகளில் உலர்ந்த மரத்தூளுக்குள் இருந்தன; வேர்த்தண்டுகள் ஈரமான பாசியில் சுற்றப்பட்டு, இலைகள் பாதியாகக் கத்தரிக்கப்பட்டு இருந்தன. கிழங்கு அனுப்புவோர் பலர் இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் திணித்து, உலர வேண்டியதை அழுக வைத்தும் ஈரமாக இருக்க வேண்டியதை வாட வைத்தும் அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். இவர்கள் அந்த வேறுபாட்டை அறிந்தவர்கள். இருபது குமிழங்களில் 18 கெட்டியாக இருந்தன. இரண்டு மட்டும் விரலால் அழுத்தினால் அமுங்கின, அடிப்பகுதியில் நீலப் பூஞ்சணம் படிந்திருந்தது. ரெட்டிகுலேட்டா வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது, மேல்தோலில் மை சிந்தியது போன்ற கரும்புள்ளிகளும் கோடுகளும் உண்டா என்பதுதான். அது ஒரு பூஞ்சை நோய். அது வந்த குமிழம் உள்ளே கருகிப் போகும், பக்கத்தில் உள்ளவற்றுக்கும் தொற்றும். பதினெட்டில் ஒன்றிலும் அந்தக் கறை இல்லை.

பெட்டியில் இல்லாதிருந்து நான் வருந்திய ஒன்றும் உண்டு. இந்தக் குமிழம் பார்ப்பதற்குச் சின்ன வெங்காயம் போலவே இருக்கும். வெங்காயத்துக்குப் பட்டுத்தோல், இதற்கு வலை பின்னியது போன்ற நார்த்தோல் என்பதே வேறுபாடு. ரெட்டிகுலேட்டா என்ற பெயருக்கே வலை பின்னியது என்றுதான் பொருள். ஐரிஸ் கிழங்குகள் நச்சுத்தன்மை உள்ளவை. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் வைக்க வேண்டிய பொருளின் மேல் உண்ணத் தகாதது என்று ஒரு வரி அச்சிட்டிருக்க வேண்டாமா? "அத்தை, நீங்க சொல்லலைன்னா இதைச் சாம்பாருக்கு உரிச்சிருப்பேன்" என்று என் மருமகள் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. அன்றே சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன்.

இனி முக்கியக் குறைக்கு வருகிறேன். பெட்டியில் இருந்த ஒற்றைத் தாளில், இவை இந்தியாவின் எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றவை என்றும், வடிகால் உள்ள மண்ணில் நட்டு வெயில் படும்படி வைத்தால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பூக்கும் என்றும் இருந்தது. ஸ்ரீநகருக்கும் சத்துவாச்சாரிக்கும் ஒரே தாள். கிழங்கை இவ்வளவு அக்கறையாகக் கட்டி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, அது போய்ச் சேரும் ஊரில் குளிர் என்றால் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆனாலும் அந்தத் தாளை நானும் பாதி நம்பினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அல்ஜீரிய ஐரிஸின் தாயகம் அல்ஜீரியா, துனிசியா, கிரேக்கம், துருக்கி, சிரியா ஆகிய நாடுகளின் மத்தியதரைக் கடல் ஒட்டிய பகுதிகள். அங்கே கோடையில் மழை பெய்யாது. பாறைச் சரிவுகளில் சுண்ணாம்பு மண் சுட்டுக் கிடக்க, செடி அதில் வறண்டு காய்ந்து கிடக்கும். இலையுதிர்காலத்தில் மழை தொடங்கியதும் உயிர்பெற்றுக் குளிர்காலம் முழுவதும் விட்டுவிட்டுப் பூக்கும். நம் பழைய வட ஆர்க்காட்டின் ஆண்டையும் எடுத்துப் பாருங்கள். மார்ச் முதல் கத்திரி முடியும் வரை மண் வெந்து கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. கோடையில் காய்ச்சல், குளிர்காலத்தில் மழை என்ற அந்த ஒழுங்கு காகிதத்தில் ஒத்துப்போவது போலவே தெரிகிறது. போதாததற்கு, எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் உப்புநீர். சுண்ணாம்பை விரும்பும் செடிக்கு அதுவும் நல்லதுதானே என்று நினைத்தேன்.

பொருந்தாத இடங்கள் இரண்டு. முதலாவது, நமக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலை வேளைகளில் இடியோடு வந்து கொட்டும் மழை. மத்தியதரைக் கரையில் அந்த மாதங்களில் மண் தூசியாக இருக்கும். இங்கோ மண் சூடாகவும் ஈரமாகவும் இருக்கும். தூங்கும் வேர்த்தண்டுக்கு வெயிலும் தீங்கு செய்யாது, மழையும் தீங்கு செய்யாது; இரண்டும் சேர்ந்து வந்தால் அது அழுகிவிடும். இரண்டாவது, இரவின் குளிர். அல்ஜியர்ஸ் நகரில் ஜனவரி இரவுகளில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். வேலூரில் மார்கழிப் பனியில் கோலம் போடும் பெண்கள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டாலும், வெப்பமானி பெரும்பாலும் 17, 18 டிகிரியில்தான் நிற்கிறது.

ரெட்டிகுலேட்டாவுக்கோ இந்த ஒப்பீடே செல்லாது. அது துருக்கியின் கிழக்கு, காக்கசஸ், ஈரான், ஈராக் மலைகளின் செடி. அங்கே குளிர்காலம் முழுவதும் பனிக்கு அடியில் கிடந்து, பனி உருகும் விளிம்பிலேயே பூத்துவிடும். குமிழத்துக்குள் உள்ள பூமொட்டு மேலெழுந்து வர வேண்டுமானால், ஏறத்தாழ 9 டிகிரிக்குக் கீழே, வேர் விட்ட நிலையில், 13 முதல் 15 வாரங்கள் அது இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கு குறைந்தால் இலை வரும், பூ வராது. வந்தாலும் மண்ணோடு மண்ணாகக் குறுகி நிற்கும். வேலூரில் 9 டிகிரி என்பது ஃபிரிட்ஜுக்குள் மட்டும்தான் உண்டு.

ஆகவே 18 குமிழங்களை மூன்றாகப் பிரித்தேன். தாளில் சொன்னபடி நான்கை மொட்டை மாடித் தொட்டியில் நேராக நட்டேன். நான்கைக் காகித உறையில் உலர்ந்தபடியே ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தேன். மீதிப் பத்தை ஏழு சென்டிமீட்டர் அகலச் சிறு தொட்டிகளில், தொட்டிக்கு ஒன்றாக நட்டு, ஒருமுறை நீர் ஊற்றி வடியவிட்டு, அதே தட்டில் அடுக்கினேன். மண்கலவை ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தூசி போகக் கழுவிய எம்-சாண்ட், அரைப் பங்கு தென்னை நார்க் கழிவு. எரு எதுவும் சேர்க்கவில்லை. குமிழம் தனக்கு வேண்டிய உணவைத் தனக்குள்ளேயே கொண்டுவருகிறது. வைத்த நாள் செப்டம்பர் 18. காய்கறித் தட்டில் வைத்த வெப்பமானி 6க்கும் 7க்கும் இடையே காட்டியது. இந்தப் பணிக்கு அது பொருத்தமான அளவு.

அந்தப் பதினைந்து வாரங்களும் வீட்டில் ஒரு பழமும் ஃபிரிட்ஜுக்குள் போகவில்லை. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு குமிழத்துக்குள் இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். இதில் ஒரு வியப்பு உண்டு. பூக்கடைகளில் நீளத் தண்டோடு விற்கும் டச்சு ஐரிஸின் குமிழங்களுக்கு, குளிரூட்டுவதற்கு முன்பு இதே வாயுவையோ புகையையோ காட்டினால் அதிகக் குமிழங்கள் பூக்கின்றன. நம் ஊரில் வாழைத்தாருக்கு மூட்டம் போடுவது போன்ற வேலை அது. வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் பூக்கத் தூண்டும் அதே வாயு, பின்னொரு கட்டத்தில் மொட்டைக் கொன்றுவிடுகிறது. அதனால் கொய்யாவும் வாழையும் எங்கள் வீட்டில் கூடத்துக் கூடையிலேயே இருந்தன. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில் காலையிலிருந்து மாலை வரை யாரும் கதவைத் திறக்காமல் பார்த்துக்கொண்டோம். பால் கூட அன்று வெளியே வாளித் தண்ணீரில்தான் இருந்தது. என் குடும்பத்தார் இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் ஒத்துழைத்ததை இங்கே நன்றியோடு பதிவு செய்கிறேன், ஏனென்றால் வேலூரில் இந்தச் செடியை வளர்க்க முதலில் வேண்டியது வீட்டாரின் சம்மதம்.

மாடியில் நட்ட நான்கும் அக்டோபரில் இலை விட்டன. ரெட்டிகுலேட்டாவின் இலை தட்டையாக இருக்காது, நான்கு விளிம்புகளோடு சதுரக் குச்சி போல இருக்கும்; அதைத் தொட்டுப் பார்ப்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் பருவமழை தொடர்ந்து பெய்ய, டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்து மறுநாளும் மழை விடாதிருக்க, அந்த வாரமே இரண்டு அழுகின. மற்ற இரண்டும் இலையோடு தை மாதம் வரை நின்று, மொட்டே காட்டாமல் மஞ்சளாயின. தாளில் உள்ளபடி செய்ததற்குக் கிடைத்த விளைவு இது.

ஃபிரிட்ஜில் இருந்தவற்றை 2023 ஜனவரி 1 அன்று, வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய நாள் வெளியே எடுத்தேன். தொட்டிகளின் அடித்துளை வழியாக வெள்ளை வேர்கள் எட்டிப் பார்த்தன; மேலே இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் வெளிர்முனைகள் எழுந்திருந்தன. நேர் வெயிலுக்குக் கொண்டுபோகாமல், வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் முதல் நான்கு நாள் வைத்து, பிறகு காலை வெயில் மட்டும் படும் கிழக்குத் திண்ணைக்கு மாற்றினேன். இரவில் மொட்டை மாடியில் வைத்து, விடிந்ததும் இறக்குவேன். கிடைக்கிற இரண்டு, மூன்று டிகிரிக் குளிரையும் விட மனமில்லை. போகி அன்று அதிகாலை, தெருவில் பழையன எரிந்துகொண்டிருந்தபோது, முதல் பூ விரிந்திருந்தது.

அந்தப் பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வகையின் பெயர் ஹார்மனி. உயரம் 11 சென்டிமீட்டர். கருங்குவளையின் நீலத்தை இன்னும் அடர்த்தியாக்கினால் வரும் நிறம்; கீழ்நோக்கி வளையும் மூன்று மடல்களின் நடுவே மஞ்சள் கோடும் அதைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகளும். மேல்நோக்கி நிற்கும் மூன்று மடல்கள் மெலிந்தவை. இவற்றுக்கு இடையே இதழ் போலவே தோன்றும் மூன்று கிளைகள் உண்மையில் சூல்தண்டின் கிளைகள். மகரந்தம் அவற்றின் அடியில் மறைந்திருக்கும், மஞ்சள் கோட்டைப் பிடித்து நடந்து உள்ளே நுழையும் பூச்சியின் முதுகில்தான் அது படும். இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து காட்டிய அமைப்பை அறுபது வயதுக்குப் பிறகு என் கையில் வைத்துப் பார்த்தேன். குங்குமப்பூவும் இதே குடும்பம்தான். அருகில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும்.

பத்துத் தொட்டிகளில் எட்டு பூத்தன. ஒன்றில் மொட்டு வெளியே வராமலே காய்ந்தது, ஒன்றில் இலை மட்டும் வந்தது. காகித உறையில் உலர்ந்தபடியே குளிரூட்டி ஜனவரியில் நட்ட நான்கில் இரண்டு பூத்தன, அவையும் நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் இலைக்குள் ஒடுங்கி நின்றன. வேர் விட்ட பிறகு பெறும் குளிருக்கும், வேரில்லாமல் பெறும் குளிருக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை இந்த இரண்டு வரிசையும் எனக்குக் காட்டின. ஒவ்வொரு பூவும் மூன்று நாள் இருந்தது. நண்பகலில் 30 டிகிரியைத் தொடும் எங்கள் ஜனவரியில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது; குளிர்நாடுகளில் இதே பூ ஒரு வாரத்துக்கும் மேல் நிற்கும்.

பூத்த பின் குமிழத்தைக் காப்பாற்றலாம் என்று யாரும் நம்ப வேண்டாம். பூ முடிந்ததும் இலை முப்பது சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு, குளிர்ந்த வசந்தத்தில் இரண்டு மாதங்களாவது உணவு சேர்த்தால்தான் அடுத்த ஆண்டுக்குரிய குமிழம் திரளும். இங்கே மார்ச் நடுவிலேயே இலை கருகிவிட்டது. ஏப்ரலில் தோண்டிப் பார்த்தபோது ஒவ்வொரு குமிழமும் பட்டாணி அளவில் மூன்று, நான்காகச் சிதறியிருந்தது. அவற்றை மறுபடி குளிரூட்டியும் ஒன்றும் பூக்கவில்லை. ஆகவே 2023 செப்டம்பரில் அதே கடையில் பத்து மட்டும் 650 ரூபாய்க்கு வாங்கி, அனைத்தையும் தொட்டி முறையிலேயே குளிரூட்டினேன். இந்த ஆண்டு ஏழு பூத்தன. சமவெளியில் இது ஒரு பருவப் பூ. சாமந்தி நாற்று வாங்குவது போல ஆண்டுதோறும் வாங்க மனமுள்ளவர்களுக்கு மட்டும்தான் இது.

அல்ஜீரிய ஐரிஸின் கதை வேறு. மூன்று துண்டுகளில் ஒன்றை மாடித் தொட்டியில் வைத்தேன். இரண்டை ஏலகிரியில், அத்தனாவூரில் உள்ள உறவினர் வீட்டுத் தென்சுவர் அடியில், கூரை இறவாரத்துக்குக் கீழே மழை நேராக விழாத இடத்தில் நட்டேன். இப்போது திருப்பத்தூர் மாவட்டமாகிவிட்டாலும் எங்கள் தலைமுறைக்கு ஏலகிரி இன்னும் வட ஆர்க்காட்டு மலைதான். கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கையும் ஏறிப் போனால் 1,100 மீட்டர் உயரம். வேலூரைவிட இரவு நன்றாகவே குளிரும். நடுவதற்கு முன் தங்கையிடம் கேட்டபோது, "அக்கா, அதுக்கு எரு மட்டும் போட்டுடாத. போட்டா இலையாத்தான் வரும், பூவே வராது. செங்கல் ஜல்லி போட்டு வை, மறந்துடு" என்றாள். அவள் சொன்னதுதான் சரியான முறை. இந்தச் செடிக்கு ஏழை மண் வேண்டும், சுவரின் சூடு வேண்டும், தொடாமல் விட்டுவிட வேண்டும். இடம் மாற்றினால் ஓரிரு ஆண்டு கோபித்துக்கொண்டது போலப் பூக்காமல் இருக்கும். பூவில் தண்டு போலத் தோன்றுவது தண்டல்ல. 20 சென்டிமீட்டர் வரை நீளும் இதழ்க்குழல் அது. சூலகம் மண் மட்டத்திலேயே இலைகளுக்குள் பதுங்கியிருக்கும். உறைபனி வந்து பூவைக் கருக்கினாலும் விதை கீழே பாதுகாப்பாக இருப்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இதைவிட நேர்த்தியாக இருக்க முடியுமா?

மாடித் துண்டு முதல் குளிர்காலத்தைத் தாண்டியது, கத்திரியையும் தாண்டியது. 2023 ஜூலையில் தொடர்ந்து பெய்த மாலை மழையில் பத்தே நாளில் அடியோடு அழுகியது. ஏலகிரித் துண்டுகள் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. இறவாரம் அவற்றைக் காக்கிறது. ஒன்று புதர் போலத் திரண்டு பக்கத் தளிர்களும் விட்டுவிட்டது. ஆனால் இந்த ஜனவரி வரை பூ இல்லை. இது கடையின் கிழங்கில் உள்ள குறையென்று நான் சொல்ல மாட்டேன். நல்ல துண்டாக இல்லாவிட்டால் பதினாறு மாதம் பிழைத்திருக்காது.

குளிர்காலத்தில் பூப்பது என்ற சொல் ஊருக்கு ஊர் எவ்வளவு மாறுகிறது என்பதை அந்தத் தாளை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம். தென் இங்கிலாந்தில் அல்ஜீரிய ஐரிஸ் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை பூக்கும். ரெட்டிகுலேட்டா ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும். அமெரிக்காவின் வடக்கில், மினசோட்டா போன்ற இடங்களில் அல்ஜீரிய ஐரிஸ் வெளியில் பிழைக்காது. ரெட்டிகுலேட்டா பிழைக்கும், ஆனால் பனி உருகும் மார்ச், ஏப்ரலில்தான் பூக்கும், அவர்களுக்கு அது குளிர்காலப் பூவல்ல, வசந்தத்தின் முதல் பூ. கலிபோர்னியக் கரையோரம் அல்ஜீரிய ஐரிஸுக்குத் தாய்வீடு போன்றது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலும் அப்படியே, ஆனால் அங்கே குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வெயில் படும் சுவர் வடக்குச் சுவர். தெற்குச் சுவரடியில் நடச் சொல்லும் ஆங்கிலேயப் புத்தகத்தை அங்கே தலைகீழாகத்தான் படிக்க வேண்டும். நிழலும் ஈரமும் மிகுந்த தோட்டமென்றால் கருங்கடல் கரையிலிருந்து வந்த லாசிகா என்னும் உறவு இனம் அல்ஜீரிய ஐரிஸைவிட நன்றாக நிற்கும். ஐரிஸ் ஒவ்வொன்றும் தன் ஊரின் மழைக்கணக்கைக் கிழங்குக்குள் வைத்திருக்கிறது, நம் செங்காந்தள் கிழங்கு கோடையெல்லாம் உறங்கி மழை தொட்டதும் எழுவதைப் போல.

கடையின் சேவையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல விதமாகவே. அழுகிய இரண்டு குமிழங்களின் படத்தை அனுப்பியதும் இரண்டு நாளில் அவற்றுக்குரிய தொகையைத் திருப்பி அனுப்பினார்கள். தாளைப் பற்றி நான் எழுதிய நீண்ட கடிதத்துக்கு நன்றி தெரிவித்து ஒரு வரி வந்தது. 2023ஆம் ஆண்டுப் பெட்டியிலும் அதே தாள்தான் இருந்தது.

அவர்கள் அச்சிட வேண்டியது பெரிய நூலல்ல. உறைபனி இல்லாத ஊர்களில் ரெட்டிகுலேட்டாவை நட்ட தொட்டியோடு 15 வாரம் ஃபிரிட்ஜில் வைக்கவும், பழங்களோடு வைக்க வேண்டாம், உண்ணத் தகாதது. அல்ஜீரிய ஐரிஸ் கோடைமழை பெய்யும் சமவெளிக்கு ஏற்றதன்று. இவ்வளவு போதும். இதைப் படித்த பிறகும் வாங்குபவர்கள் மகிழ்ச்சியோடு வாங்குவார்கள். படிக்காமல் வாங்கி, மாடியில் நட்டு, இலையை மட்டும் பார்த்தவர்கள் தம் கைராசி சரியில்லை என்று எண்ணிக்கொண்டு தோட்டத்தையே விட்டுவிடுவார்கள். அப்படிச் சொன்ன இரண்டு பேரைக் காட்பாடியிலேயே எனக்குத் தெரியும். அவர்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

ஃபிரிட்ஜில் இடம் இல்லாதவர்கள், அல்லது ஆண்டுதோறும் செலவு செய்ய விரும்பாதவர்கள், ஐரிஸின் வடிவத்தை மட்டும் விரும்பினால் வேறு வழிகள் உண்டு. பிரேசிலிலிருந்து வந்த நடக்கும் ஐரிஸ் நம் ஊர் நர்சரிகளில் நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது; வெள்ளையும் நீலமுமான பூ, ஒரு நாள்தான் இருக்கும், ஆனால் பூத்த தண்டின் நுனியில் ஒரு குட்டிச்செடி உருவாகி, பாரத்தால் தரையில் சாய்ந்து அங்கேயே வேர்விட்டு அடுத்த அடியை வைக்கும். பாதி நிழலில், எங்கள் உப்புநீரிலும் அது தளரவில்லை. தென்னாப்பிரிக்காவின் டயட்டிஸ் வெயிலைத் தாங்கும். ஆரஞ்சு நிறத்தில் சிவப்புப் புள்ளியிட்ட பெலம்கண்டா, மரபணு ஆய்வின் அடிப்படையில் 2005இல் ஐரிஸ் பேரினத்திலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே அதை வளர்ப்பவர்கள் பெயரளவிலும் ஐரிஸ் வளர்ப்பவர்களே. ஆனால் இவை எவையும் மார்கழிக்கென்று பூப்பவை அல்ல. குளிர்காலத்தில் நீலமும் ஊதாவும் வேண்டுமென்றால் டிசம்பர் பூ ஒரு செலவும் இல்லாமல் வேலியோரம் பூத்துக் கிடக்கிறது, அதை நான் ஒருபோதும் குறைவாக மதிக்க மாட்டேன்.

எனினும் கிழங்கின் தரத்துக்காகவும், பெட்டி கட்டிய நேர்த்திக்காகவும், போகி காலையில் திண்ணையில் நான் பார்த்த அந்த நிறத்துக்காகவும், இந்தக் கடையிலிருந்து ரெட்டிகுலேட்டா குமிழங்களை வாங்கலாம் என்றே வேலூர்க்காரர்களுக்குச் சொல்வேன். தாளை மட்டும் எடுத்து வைத்துவிட்டு. பத்துக்கு மேல் வேண்டாம், ஒரு காய்கறித் தட்டு அவ்வளவுதான் கொள்ளும். அல்ஜீரிய ஐரிஸைச் சமவெளியில் இருப்பவர்கள் வாங்கவே வேண்டாம். ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ கூரை இறவாரத்தோடு ஒரு தென்சுவர் உள்ளவர்கள், பூவுக்கு உறுதி இல்லை என்று தெரிந்துகொண்டு ஒரு துண்டு வைத்துப் பார்க்கலாம்.

வரும் செப்டம்பருக்குப் பத்துக் குமிழங்களுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், இம்முறை ஹார்மனியோடு ஊதா நிற வகையும் பாதி. காய்கறித் தட்டை ஆவணி முடிவதற்குள் காலி செய்து தருவதாக மருமகள் சொல்லியிருக்கிறாள்.